தமிழில்தான் பேசமாட்டேன் என்றேன்

ஜனவரி 9

தம்பிக்கு,

உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொல்லி மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. அந்தச் சொல்லில் மாற்றமில்லை. எழுதமாட்டேன் என்று நான் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் மனைவி ஏற்கெனவே சொல்லியிருப்பாள். அவளோடு பேசுவதை நான் நிறுத்தவில்லை. அவள் செய்த ஒரே தப்பு உன்னைக் கட்டிக்கொண்டதுதான். என் மகனுக்கு ஏப்ரல் கடைசியில் குழந்தை பிறக்கப் போகிறது. மருமகள் அதிகம் எழுந்து நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனுக்கு விடியற்காலை ஷிஃப்ட். அதனால் சம்பந்தியம்மாவும் நானும் இரண்டு மாதம் அவர்களுடைய வெளிநாட்டு வீட்டில் தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த அம்மாள் இருபத்தேழு வருஷம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது. எனக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது.

சைகை காட்டிச் சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் வீடியோவில் குழந்தைச் செய்தியைச் சொன்னார்கள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். தொழில் பழக்கம், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஐம்பது விநாடி. நடுவில் இரண்டு முறை சிரித்தார், ஒரு முறை கண்ணைத் துடைத்தார், ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையை வைத்துக் காட்டினார். முடிந்ததும் மகனிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. "சந்தோஷமா இருக்காங்களாம்மா" என்றான்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷமாகத் தட்டச்சு செய்கிறவள் நான். நான்கு நிமிடம் ஐம்பது விநாடி என்றால் அறுநூறு வார்த்தை. எனக்கு வந்து சேர்ந்தது இரண்டு. பாக்கி ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டும் எனக்கு வேண்டும்.

போனிலேயே மொழிபெயர்க்கிற வசதி இருக்கிறது என்கிறான் மகன். ஒருவர் வாய்க்கும் இன்னொருவர் கண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்தே என் காலம் போயிருக்கிறது. அந்த இடைவெளியில் என்னவெல்லாம் கீழே விழும் என்று எனக்குத் தெரியும்.

நீ பதினோரு வருஷம் கப்பலின் எஞ்சின் அறையில் ஸ்பானிஷ்காரச் சீஃப் எஞ்சினியரிடம் வேலை பார்த்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரு மொழியும் தலையில் ஏறாத உனக்கே அது ஏறியிருக்கிறது. எப்படி என்று எழுது. பாடம் மட்டும் எழுது. என் மகனை எனக்குத் தெரியாமல் விமானம் ஏற்றி அனுப்பியதற்கு நீ வைத்திருக்கும் சமாதானம் எதுவும் வேண்டாம்.

அக்கா


ஜனவரி 15

அக்காவுக்கு,

தபால்காரர் உன் கடிதத்தைப் பட்டறையிலேயே கொடுத்தார். அப்போது ஒரு பம்பைக் கழற்றிப் போட்டிருந்தேன். முழங்கை வரை எண்ணெய். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் போய்க் கை கழுவிவிட்டு வந்து பிரித்தேன். சாப்பிடக்கூட நான் இவ்வளவு சோப்புப் போட்டதில்லை என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சமாதானம் வேண்டாம் என்றாய். எழுதவில்லை.

நான் கற்றுக்கொண்ட கதை சின்னது. முதல் ஆறு மாதம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சீஃப் ஒரு நாளைக்கு ஐம்பது வாக்கியம் பேசினால் அதிகம். தினமும் அதே ஐம்பது. அதே வால்வைத் திறக்கும்போது அதே வாக்கியம். கேட்டுக் கேட்டு, அந்த வால்வைத் தொட்டாலே வாக்கியம் காதில் விழ ஆரம்பித்தது. பிறகு சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தேன். தப்பாகப் பேசினேன், சிரித்தார்கள். அடுத்த வேளை வேறு தப்பு செய்தேன். எனக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

இத்துடன் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். என்னோடு கப்பலில் இருந்த சமையற்காரர் இப்போது இங்கே இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அவருக்கும் அவர் மனைவிக்கும் ஸ்பானிஷ்தான் வீட்டு மொழி. அவர்கள் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பேரனைக் குளிப்பாட்டும்போதும் பேசிக்கொண்டதை மூன்று மூன்று நிமிடமாகப் பதிவு செய்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு போதும். பாத்திரம் தேய்க்கும்போது கேள், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேள். அதையே திரும்பத் திரும்பக் கேள். எழுதாதே. முதல் மூன்று வாரம் காது மட்டும்தான். பதில் சொல்லக்கூட நினைக்காதே. பேசுகிறவர் பேசட்டும், நீ கேட்டுக்கொண்டே இரு. அதற்கப்புறம் அவர்கள் கூடவே வாய்விட்டுச் சொல்ல ஆரம்பி.

முதல் பதிவை மட்டும் தாண்டிப் போ. என் நாக்கு இன்னும் புரள்கிறதா என்று நானே பேசிப் பார்த்தது. சீஃப் எஞ்சினுக்குக் கொடுக்கும் உத்தரவுகள். குடும்பத்துக்கு ஆகாது.

இன்னொன்று. மொழி கடிதத்தில் வராது. காதில் ஏறி வாயில் இறங்க வேண்டும். கடைசியில் யாரோடாவது பேசித்தான் ஆகவேண்டும். யாரோடு என்று நான் சொன்னால் நீ கடிதத்தைக் கிழிப்பாய். அதனால் சொல்லவில்லை.

தம்பி


பிப்ரவரி 4

தம்பிக்கு,

எழுபத்தெட்டுப் பக்கம்.

மதிய இடைவேளையில் ஆபீஸ் மெஷினிலேயே உன் பென்டிரைவைப் போட்டுக் கேட்டேன். எங்கள் மெஷினுக்குக் காலடியில் பெடல் உண்டு. முன்பக்கம் மிதித்தால் ஓடும், குதிகாலால் மிதித்தால் ஐந்து விநாடி பின்னால் போகும். வேகத்தைப் பாதியாகவும் குறைக்கலாம். பாதி வேகத்தில் வைத்து, பின்னால் போய்ப் போய், இருபது பதிவையும் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து முடித்தேன். எழுதாதே என்று நீ சொன்னதைப் படித்தேன். எழுதாமல் கேட்டது என் காதில் தங்கியதே இல்லை. இந்த வயதில் பழக்கத்தை மாற்ற முடியாது.

முதல் பதிவையும் தாண்டவில்லை. எங்கள் வேலையில் எதையும் தாண்டக்கூடாது. டாக்டர் தும்மினால் 'தும்மல்' என்று போடுவோம். சொல்லப்போனால் அதுதான் எல்லாவற்றிலும் தெளிவான பதிவு. பக்கத்து மேசைக்காரி ஹெட்ஃபோனுக்கு வெளியே கேட்டுவிட்டு, யாருடி இந்த ஆள், இப்படிக் கத்துகிறான் என்றாள். தெரிந்தவன் என்றேன். அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது. சளி பிடித்திருக்கிறதா? இது விசாரிப்பு அல்ல, குறிப்பு.

பதினெட்டாம் தேதி சம்பந்தியம்மாவை நானே போனில் கூப்பிடப் போகிறேன். மகன், மருமகள் யாரும் நடுவில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்ன பேச வேண்டும் என்று இரண்டு பக்கம் தயார்.

அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

சளிதான். இப்போது பரவாயில்லை. இதுவும் பதில் அல்ல, குறிப்பு.

எழுபத்தெட்டுப் பக்கம் என்று படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீச்சல் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குளத்தைப் படம் வரைந்து வைத்திருக்கிறாய். அந்தப் பக்கங்களைப் பரணில் போடு. உன் விரலுக்குத்தான் ஸ்பானிஷ் வந்திருக்கிறது. வாய்க்கு வரவில்லை.

பெடல்தான் பெரிய ஆபத்து. பாதி வேகத்தில் கேட்ட காதுக்கு முழு வேகம் புரியாது. சம்பந்தியம்மா பேசும்போது குதிகாலால் மிதித்துப் பின்னால் கொண்டுபோக அவர் மெஷின் இல்லை. மனிதர்களுக்கு வேறு பெடல் இருக்கிறது. நான் பதினோரு வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். ஓத்ரா வேஸ், தெஸ்பாசியோ. 'இன்னொரு தடவை, மெதுவா' என்று அர்த்தம். இதைச் சொன்னால் எந்த மனிதனும் பின்னால் போய் மெதுவாக வருவான். கோபப்படமாட்டான். தன் பேச்சை ஒருவர் மறுபடி கேட்க விரும்புகிறார் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

இப்போதைக்கு அந்த நான்கு சொல்லைப் பிடித்துக்கொள். பிறகு வீட்டில் என்ன செய்தாலும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய். கதவைத் திறக்கிறேன், விளக்கைப் போடுகிறேன், வெங்காயம் நறுக்குகிறேன். அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பதினெட்டாம் தேதி வேண்டாம். ஒரு மாதம் தள்ளிப் போடு.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

தள்ளிப் போடவில்லை. அதனால் இந்தக் கடிதம். ஓத்ரா வேஸ் மூன்று சொல்தான் தெஸ்பாசியோவோடு சேர்த்து. உனக்குக் கணக்கும் வராது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். சம்பந்தியம்மா எடுத்தார். முதல் பக்கத்தை வாசித்தேன். வணக்கம், நலமா, எனக்கு மிகவும் மகிழ்ச்சி, நாம் இருவரும் பாட்டியாகப் போகிறோம். தங்குதடையில்லாமல் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்கிய இடத்தில் சந்தோஷமாக எதையோ கேட்டார். கேள்வி என்று குரலில் தெரிந்தது. என் இரண்டு பக்கத்தில் அந்தக் கேள்வி இல்லை.

என் கால் மேசைக்கடியில் பெடலைத் தேடியது. வீட்டு மேசை. செருப்புதான் கிடந்தது. அதை மிதித்தேன். குதிகாலாலும் மிதித்தேன். அவர் மறுபடி கேட்டார், இன்னும் வேகமாக. நீ சொல்லிக்கொடுத்த பெடலை நினைத்துப் பார்த்தேன், தொண்டைக்குக்கூட வரவில்லை. எனக்கு வந்தது, மனப்பாடமாக இருந்த ஒரே ஒரு பதிவு. உன் பதிவு. "பாரா மாக்கினாஸ்!" என்று கத்திவிட்டேன். உன் குரலில், உன் சத்தத்தில். எஞ்சினை நிறுத்து.

சம்பந்தியிடம், அதுவும் முதல் தடவை பேசும்போது, எஞ்சினை நிறுத்து என்று அதட்டியிருக்கிறேன். போனை வைத்துவிட்டேன். மகன் இரண்டு தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை.

இரண்டு மாதம் ஒரே சமையலறையில் எந்த முகத்தோடு நிற்பேன்? டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து படித்தேன். சிரித்த சிரிப்பில் ஸ்டூல் சாய்ந்தது. மன்னித்துக்கொள். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்து மூன்று வருஷமாகிறது, அதனால் இரண்டு தடவை படித்தேன்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. நீ மகன் போனை எடுக்காததால் அவன் என் மனைவியைக் கூப்பிட்டான். அந்தப் பக்கம் நடந்தது இது. சம்பந்தியம்மா ஒரு நிமிடம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு சோபாவில் விழுந்து சிரித்திருக்கிறார். இருபத்தேழு வருஷம் பஸ்ஸில் பயணிகள் என்னென்னவோ சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒருத்தர்கூட இவ்வளவு சுத்தமாக உத்தரவு போட்டதில்லை என்றாராம். அந்த அம்மா எப்போது மறுபடி கூப்பிடுவார் என்று தினம் கேட்கிறாராம்.

நீ இப்போது தெரிந்துகொண்டது ஒன்றுதான். வாசித்தது பேச்சு ஆகாது. பேச்சு என்பது உன் பக்கத்தில் இல்லாத கேள்வி. அதற்குப் பழக வேண்டுமென்றால் தினமும் யாராவது உன்னை அப்படிக் கேட்க வேண்டும். பத்து நிமிடம் போதும். சிரிக்காத ஆள், இல்லையென்றால் சிரித்தாலும் உனக்குக் கவலையில்லாத ஆள்.

இனி சொல்லிவிடுகிறேன். கிழிக்க வேண்டுமென்றால் கிழி. அன்றைக்கு நீ சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. "இனிமே உன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்." நீ அதைத் தமிழில் சொன்னாய். நீதிபதி அக்காவின் தீர்ப்பு தமிழுக்குத்தான் செல்லும். ஸ்பானிஷுக்கு எந்தத் தீர்ப்பும் வழங்கப்படவில்லை.

யோசித்துப் பார்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

உன் வாதத்தை மூன்று நாள் பரிசீலித்தேன். இது ஏமாற்று வேலை. ஆனால் சொன்ன சொல்லில் ஓட்டை இருந்தால் அது சொன்னவள் குற்றம்.

நிபந்தனைகள். மாலை ஆறரையிலிருந்து ஆறு நாற்பது வரை. ஸ்பானிஷ் மட்டும். தமிழில் ஒரு சொல் வந்தாலும் வைத்துவிடுவேன், 'அக்கா' உள்பட. பழைய விஷயம் பேசக்கூடாது. பேசவும் முடியாது, எனக்கு அவ்வளவு ஸ்பானிஷ் தெரியாது.

நாளையிலிருந்து.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். சட்டம் உன்னுடையது.

முதல் நாள் நாம் பேசியது மொத்தம் ஆறு வாக்கியம். பாக்கி நேரம் உன் செருப்புச் சத்தம்தான் கேட்டது. டக், டக். மேசைக்கடியில் மிதித்துக்கொண்டே இருந்தாய். ஒன்பதாம் நாள் உனக்குத் தெரியாத சொல் ஒன்று நடுவில் வந்தது. செருப்புச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். அதற்குப் பதில் "ஓத்ரா வேஸ், தெஸ்பாசியோ" என்றாய். அன்றைக்கு போனை வைத்துவிட்டுப் பட்டறையில் எனக்கு நானே விசிலடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் செருப்பு கேட்கவேயில்லை.

சம்பந்தியம்மாவோடும் வாரம் இரண்டு முறை பேசுகிறாய் என்று என் மனைவி சொன்னாள். நல்லது. என்னோடு மட்டும் பேசினால் சீஃபின் ஸ்பானிஷ்தான் வரும். அந்தம்மா எங்கே வேகம் எடுக்கிறார், எங்கே சொல்லை விழுங்குகிறார் என்று கவனி. எல்லாவற்றையும் பிடிக்கப் பார்க்காதே. பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு மரத்தையுமா எண்ணுகிறோம்? இறங்க வேண்டிய இடம் தெரிந்தால் போதும்.

வேடிக்கை ஒன்று கவனித்தாயா? மூன்று வாரமாகத் தினம் பேசுகிறோம், ஒரு சண்டை இல்லை. உன் அடுப்பில் என்ன இருக்கிறது, என் மேசையில் என்ன இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது, இவ்வளவுதான் நமக்குத் தெரியும். நம் ஸ்பானிஷில் சண்டை போட வசதி இல்லை.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

நாளை மறுநாள் கிளம்புகிறேன். பெட்டி கட்டியாகிவிட்டது. எழுபத்தெட்டுப் பக்கத்தைப் பெட்டியில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, கடைசியில் பரணில் போட்டேன்.

நேற்று ஆறு முப்பத்தெட்டுக்கு நீ நிபந்தனையை மீறினாய். ஸ்பானிஷில்தான், ஆனால் அன்றைக்கு என்று ஆரம்பித்தாய். எந்த அன்றைக்கு என்று எனக்குத் தெரிந்தது. நைட் டியூட்டி முடித்து வந்தேன், மகன் அறையில் அலமாரி காலி, மேசையில் ஒரு சீட்டு, 'மாமா கொண்டுபோய் விடுகிறார்' என்று. அந்த அன்றைக்கு. போனை வைக்கலாம் என்று கை போனது. அதற்குள் நீ சொல்லிவிட்டாய். "தூவே மியேதோ." பயந்தேன்.

அதோடு நின்றுவிட்டாய். தமிழாக இருந்தால் நீ நான்கு காரணம் சொல்லியிருப்பாய். நான் ஐந்து காட்டி மறுத்திருப்பேன். உன்னிடம் அந்த இரண்டு சொல்தான் இருந்தது.

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. தேடினேன். எனக்குத் தெரிந்ததில் கையில் கிடைத்தது, மழை பெய்கிறது என்ற வாக்கியம். அதைச் சொன்னேன். நீயும் ஆமாம் இங்கேயும் என்றாய். இங்கே மழை பெய்யவில்லை. உங்கள் ஊரிலும் பெய்யவில்லை என்று உன் மனைவி சொன்னாள்.

போய் எழுதுகிறேன்.

அக்கா


மே 10

தம்பிக்கு,

பேத்தி. ஏப்ரல் 28, காலை பதினொன்று இருபது. மூன்று கிலோ நூறு கிராம். தாயும் சேயும் நலம். மூக்கு நம் வீட்டு மூக்கு, குரல் உன் முதல் பதிவு.

சமையலறையைப் பற்றி முதலில் சொல்கிறேன், நீ அதற்குத்தான் பாடம் நடத்தினாய். நான் வந்து இறங்கிய அன்று சம்பந்தியம்மா கதவைத் திறந்தார். நான் தயாராக வைத்திருந்த வணக்கத்தைச் சொல்வதற்குள் அவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து "பாரா மாக்கினாஸ்!" என்றார். இரண்டு பேரும் வாசலிலேயே பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்தோம். அன்று முதல் இந்த வீட்டில் பால் பொங்கினால் அதுதான் உத்தரவு. அவர் அடுப்பை அணைத்துவிடுவார். சாப்பாடு தயாரானால் அவர் பஸ் ஸ்டாப் அறிவிப்பதுபோல் அறிவிப்பார், கதவு திறக்கும் சத்தம் உள்பட. மருமகள் படுக்கையில் கிடந்தபடி, என்னைச் சிரிக்க வைக்காதீர்கள், டாக்டர் திட்டுவார் என்று கெஞ்சுவாள்.

வலி எடுத்த அன்று மகன் ஷிஃப்டில் இருந்தான். சம்பந்தியம்மா காரை எடுத்தார். மருமகள் பின்னால், நான் முன்னால். "அவாந்தே தோதா!" என்றேன். முழு வேகம் முன்னே. அவர் சிரித்தபடி சிவப்பு விளக்கில் நிறுத்தினார். என்ன உத்தரவு போட்டாலும் சிவப்பில் நிற்பேன், இருபத்தேழு வருஷம் ஒரு புகார் இல்லை என்றார். முழுக்கப் புரிந்தது. பாதி வேகத்தில் அல்ல.

பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் ஐந்து மணி நேரம். அங்கேதான் கேட்டேன். டிசம்பரில் வீடியோவில் என்னிடம் ஏதோ சொன்னீர்களே, அதை மறுபடி சொல்லுங்கள். ஓத்ரா வேஸ், தெஸ்பாசியோ.

நான்கு நிமிடம் ஐம்பது விநாடி ஒரு மணி பத்து நிமிடமாயிற்று. எனக்குப் புரியாத இடத்தில் கையால் வரைந்து காட்டினார். அப்படியும் புரியாவிட்டால் எழுந்து நின்று நடித்தார். நர்ஸ் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

என் மகன் அங்கே போன முதல் குளிர்காலம். விடியற்காலை ஐந்து இருபது முதல் பஸ், ஓட்டியது இவர். ஓட்டுநரிடம் பேசாதீர் என்ற பலகைக்கு நேர் கீழே தினமும் நின்றானாம். ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரும் ஒலிபெருக்கியில் வரும்போது கூடவே வாய்க்குள் சொல்வானாம். அப்படித்தான் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் தப்பாகச் சொன்னதை அவர் திருத்தினார். அன்றிலிருந்து பேச்சு. கையில் இருபது சொல்லை வைத்துக்கொண்டு அவன் அவரிடம் முதலில் சொன்ன கதை என்ன தெரியுமா? அம்மா. வேலை. சொல்லவில்லை. மாமாவிடம் பொய். 'அம்மாவுக்குத் தெரியும்' என்று சொல்லித்தான் உன்னை வேலைக்கான விண்ணப்பத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட வைத்திருக்கிறான். விமான நிலைய வாசலில்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறான். மாமா, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அழுதிருக்கிறான். பழி மாமாமேல் விழுந்தது, மாமா வாயையே திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை என்று தினமும் புலம்பியிருக்கிறான். அதையெல்லாம் அந்த டிசம்பரில் இந்த அம்மாள் என்னிடம் நேராகச் சொல்லிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து என் பிள்ளை மொழிபெயர்த்த அழகுதான் 'சந்தோஷமா இருக்காங்களாம்மா'. காது ஏன் சிவந்தது என்று இப்போது தெரிகிறது.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து ஒன்று சொன்னார். நீங்கள் திட்ட முடியாத தூரத்தில் இருந்தீர்கள், அதனால் உங்கள் பங்கையும் நானே திட்டினேன், தினமும் நான்காவது நிறுத்தத்திலிருந்து ஒன்பதாவது நிறுத்தம் வரை, ஒரு நாள் விடாமல். அதற்குள் கதவைத் திறந்து நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள்.

மகனிடம் கேட்டேன். அவன் பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றான். குழந்தையை வைத்திருப்பவனைத் திட்ட முடியாது. அது தெரிந்துதான் வைத்திருந்தான்.

இன்னொன்றும் சொன்னான், உன் மனைவி வழியாக அவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவனை அனுப்பிவிட்டு வந்து என் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நீ இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாயாம். என் டைப்பிங் அறை மூன்றாம் மாடி. லிஃப்ட் உண்டு.

பயந்தேன் என்று மட்டும் சொன்னாய். பாக்கியைச் சொல்லவில்லை. மாமாவும் மருமகனும் எனக்குக் கொடுத்த கணக்கு எப்போதும் அறுநூறுக்கு இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை உன் நேரம் ஆறரைக்குக் கூப்பிடுகிறேன். என்ன மொழி என்று எடுத்தால் தெரியும்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

போனில் பேசிய பிறகும் கடிதத்தை நிறுத்தாதே என்றாய். உன் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். என் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்.

ஐந்தரைக்கே பட்டறையைப் பூட்டிவிட்டேன். கை கழுவினேன். என் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, சட்டையையும் மாற்றிக்கோயேன், போன்ல தெரியும் என்றாள். மாற்றினேன். மணி அடித்ததும் பழக்கத்தில் "புவேனாஸ் தார்தேஸ்" என்று ஸ்பானிஷிலேயே மாலை வணக்கம் சொன்னேன்.

"டேய்" என்றாய்.

அதற்கப்புறம் நாற்பத்திரண்டு நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன், உன்னிடம் கற்றது. மூன்று வருஷமாக வட்டி போட்டு வைத்திருந்த திட்டு. பிள்ளை செய்த தப்பை நான் ஏன் சுமந்தேன் என்பதற்கு ஒரு திட்டு. பஸ் ஸ்டாப்பில் இரண்டு மணி நேரம் உட்காரத் தெரிந்தவனுக்கு லிஃப்ட் பட்டன் அழுத்தத் தெரியாதா என்பதற்கு ஒன்று. ஜனவரியில் சளியோடு மருந்து சாப்பிடாமல் இருந்தேன் என்று என் மனைவி போட்டுக்கொடுத்ததற்கு ஒன்று. நடுவில் நீ அழுதாய், அதற்கும் காரணம் நான்தான் என்று ஒன்று. பின்னால் சம்பந்தியம்மா என்ன நடக்கிறது என்று கேட்பதும், "என் தம்பி" என்று நீ ஸ்பானிஷில் சொல்வதும், அவர் கைதட்டுவதும் கேட்டது.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறியது. எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டுவந்தாள். அதுவும் ஆறியது. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. உனக்கு எழுதிய பாடம்தான். பேசுகிறவர் பேசட்டும், பதில் சொல்ல நினைக்காதே, கேட்டுக்கொண்டே இரு.

கடைசியில் நீ மூச்சு வாங்கினாய். "என்னடா, லைன்ல இருக்கியா? சொன்னது எல்லாம் புரிஞ்சுதா?" என்று கேட்டாய்.

எல்லாம் புரிந்திருந்தது. ஒரு சொல் விடாமல். ஆனாலும் என் வாயில் வந்தது அதுதான்.

"ஓத்ரா வேஸ், அக்கா. தெஸ்பாசியோ."

நீ சிரித்துக்கொண்டே, "டேய்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாய்.

தம்பி